ஐந்து நட்சத்திரம், கையில் சிலுவை, பின்பக்கம் ஒரு நாக்கு: பழைய மெடலில் இருக்கும் இந்தப் புனிதர் யார்?

தாத்தா பாட்டி காலத்துப் பெட்டியிலோ, பழைய பொருட்கள் விற்கும் கடையிலோ கிடைக்கும் கத்தோலிக்க மெடல்களில் பெரும்பாலானவற்றை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். கைகளில் இருந்து ஒளி வீசும் பெண் என்றால் மாதா. குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பவர் கிறிஸ்டோபர். குழந்தை இயேசுவையும் லில்லிப் பூவையும் வைத்திருப்பவர் அந்தோனியார்.

ஆனா சில மெடல்கள் குழப்பும். நகத்தளவு பித்தளை. அதில் தாடி வைத்த ஒரு பாதிரியார். தலையில் மூன்று நான்கு மடிப்பு நிற்கும் சதுரத் தொப்பி. முழங்கால் வரை தொங்கும் லேஸ் வைத்த வெள்ளை அங்கி, அதன் மேல் தோளைச் சுற்றி விலங்கு ரோமத்தில் ஒரு குட்டைப் போர்வை. கையில் ஒரு சிலுவையைக் குழந்தையைத் தாங்குவது போல அணைத்திருப்பார். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து.

சிலுவையையும் வெள்ளை அங்கியையும் பார்த்ததும் நம்ம ஊரில் பலருக்கு முதலில் தோன்றும் பெயர் சவேரியார். கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் அதே பிரான்சிஸ் சவேரியார்தான். இளமையான முகமாக இருந்தால் ஞானப்பிரகாசியார் என்று சொல்வார்கள். ரெண்டுமே இல்லை. நட்சத்திரம் ஐந்து இருந்தால் அவர் வேறு ஆள். ஐரோப்பாவில் செக் நாட்டைச் சேர்ந்தவர். பெயர் ஜான் நெபோமுக். செக் மொழியில் யான்.

எப்படி உறுதி செய்வது?

மெடலின் ஓரத்தில் எழுத்து தேய்ந்து போகாமல் இருந்தால் வேலை சுலபம். பழைய லத்தீனில் ஜே என்ற எழுத்துக்குப் பதிலாக ஐ என்ற எழுத்தைத்தான் பொறிப்பார்கள். அதனால் ஜான் என்று தேடுபவர்களுக்குக் கிடைக்காது. ஐ-யில் தொடங்கும் அயோஆன் என்பது போன்ற சுருக்கம், அதற்குப் பக்கத்தில் நெப் என்ற மூன்று எழுத்து, கடைசியில் எம். அந்த எம் என்பது மறைசாட்சி, அதாவது மதத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்பதன் முதல் எழுத்து. பெயருக்கு முன்னால் எஸ் இருந்தால் புனிதர் என்று பொருள். அதற்குப் பதில் பி இருந்தால் அவர் அருளாளர் நிலையில் மட்டும் இருந்த காலத்து மெடல். நெபோமுக் விஷயத்தில் அது 1721-க்கும் 1729-க்கும் நடுவில் வெறும் எட்டு வருடம்தான். பி இருக்கும் மெடல் கையில் இருந்தால் அதன் வயதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் வேறு அடையாளங்கள். சிலவற்றில் அவர் உதட்டின் மேல் விரலை வைத்திருப்பார். சிலவற்றில் பின்னணியில் ஒரு பாலமும் ஆறும் தெரியும். பின்பக்கத்தில் சில மெடல்களில் தனியாக ஒரு நாக்கு மட்டும் இருக்கும், சுற்றிலும் கதிரோ நட்சத்திரமோ போட்டிருப்பார்கள். விஷயம் தெரியாதவர்கள் அதைத் தீச்சுடர் என்றோ இலை என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆயராக இருந்த ஜான் நியூமன் என்பவர் 1977-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரும் இன்றைய செக் நாட்டில் பிறந்தவர்தான். அவருடைய முழுப்பெயரே ஜான் நெபோமுசீன் நியூமன். இந்தப் பழைய புனிதரின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். நியூமன் மெடலில் ஐந்து நட்சத்திரம் இருக்காது.

சரி, பாதிரியார் ஒருவரின் மெடலில் நாக்கு எதற்கு? பாலம் எதற்கு? இதற்கு ரெண்டு பதில் இருக்கிறது. ஒன்று, மெடல் சொல்லும் கதை. இன்னொன்று, 1393-ல் எழுதப்பட்ட ஆவணம் சொல்லும் கதை. ரெண்டும் ஒன்றல்ல.

போமுக் ஊர்க்காரர்

இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியில் நெபோமுக் என்று ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்தில் அதன் பெயர் போமுக். 1340-களில் அங்கே பிறந்தவர் யான். அப்பா பெயர் வெல்ஃப்லின். ஊரின் முக்கியப் புள்ளி, வழக்குகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பில் இருந்தவர். மகனும் அப்பா வழியிலேயே சட்டப் பக்கம் போனார்.

பாதிரியார் என்றதும் பிரசங்கம், பூசை, தவம் என்று கற்பனை வரும். இவர் வாழ்க்கையின் பெரும்பகுதி பேப்பரோடு போனது. 1370 வாக்கில் பிராக் பேராயர் அலுவலகத்தில் ஆவணம் எழுதும் நோட்டரி. அங்கே படிப்படியாக மேலே வந்தார். 1380-ல் பிராக் பழைய நகரத்தில் புனித ஹாவெல் கோயிலின் பங்குத்தந்தை ஆனார். ஜெர்மன் வியாபாரிகள் நிறைந்த, வருமானம் உள்ள பங்கு அது. அங்கேயும் அவர் நிற்கவில்லை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்துக்குப் போய் திருச்சபைச் சட்டம் படித்தார். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருந்து வந்த மாணவர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். 1387-ல் டாக்டர் பட்டம்.

ஊர் திரும்பியதும் 1389-ல் பேராயர் அவரைத் தன் முதன்மை குருவாக நியமித்தார். பேராயருக்கு அடுத்த நிர்வாகி, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். எந்தப் பங்குக்கு யார், எந்த மடத்துக்கு யார் தலைவர் என்பதை எல்லாம் உறுதி செய்யும் நாற்காலி. அந்த நாற்காலிதான் அவர் உயிருக்கு உலை வைத்தது.

ராஜாவுக்கும் பேராயருக்கும் என்ன சண்டை?

அப்போது போஹீமியாவின் ராஜா நான்காம் வென்செஸ்லாஸ். பிராக் நகரத்துக்குப் பல்கலைக்கழகமும், பெரிய கல் பாலமும், புதிய பேராலயமும் கொடுத்த நான்காம் சார்லஸ் சக்கரவர்த்தியின் மகன். அப்பாவின் நிழலில் நிற்க முடியாத பிள்ளை என்றுதான் வரலாறு அவரைப் பார்க்கிறது. வேட்டைப் பிரியர், குடியில் மூழ்கியவர், சட்டென்று கோபம் வருபவர் என்று பெயர். 1400-ல் ஜெர்மன் இளவரசர்கள் கூடி, ஆட்சியைக் கவனிக்காதவர் என்று காரணம் காட்டி ஜெர்மன் அரியணையில் இருந்தே அவரை இறக்கினார்கள். அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவருக்கு வேண்டாத சர்ச் ஆட்கள் என்பதையும் மனதில் வைக்கணும். ஆனா கோபம் விஷயத்தில் சாட்சிகள் ஒத்துப்போகின்றன.

இந்தப் பக்கம் பேராயர் யென்ஷ்டெய்ன். படித்தவர், பக்தியில் தீவிரமானவர், விட்டுக்கொடுக்கவே தெரியாதவர். சர்ச் சொத்து, சர்ச் அதிகாரம், சர்ச் ஆட்களை விசாரிக்கும் உரிமை என்று வருடக்கணக்கில் ரெண்டு பேருக்கும் உரசல். போதாக்குறைக்கு 1378-ல் இருந்து கத்தோலிக்க உலகத்தில் ரெண்டு போப்புகள். ஒருவர் ரோமில், இன்னொருவர் பிரான்ஸின் அவிஞ்ஞோனில். ஒவ்வொரு ராஜாவின் ஆதரவும் போப்புகளுக்குத் தங்கம் மாதிரி தேவைப்பட்ட காலம். இந்த விஷயம் பின்னாடி முக்கியமாகும்.

1393-ல் வென்செஸ்லாஸ் ஒரு திட்டம் போட்டார். பேராயரின் கையைக் குறைக்க, நாட்டின் மேற்குப் பகுதியில் புதிதாக ஒரு மறைமாவட்டம். அதற்குத் தனக்கு வேண்டிய ஒருவரை ஆயராக்கலாம். செலவுக்கு? மேற்கில் கிளாட்ருபி என்ற பெனடிக்ட் சபை மடத்துக்கு ஏகப்பட்ட நிலம் இருந்தது. அதன் வயதான தலைவர் இறந்ததும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க விடாமல், சொத்தை அப்படியே புதிய மறைமாவட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்பது கணக்கு.

பழைய தலைவர் இறந்தார். மடத்துத் துறவிகள் காத்திருக்கவில்லை. உடனே ஓலேன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து வேண்டியது பேராயர் அலுவலகத்தின் ஒப்புதல். மார்ச் மாதம் அந்த ஒப்புதல் வேகமாக வந்தது. கொடுத்தவர் முதன்மை குரு யான். ராஜாவின் மொத்தத் திட்டமும் ஒரு ஆணையில் முடிந்துபோனது.

இது யானின் சொந்த முடிவா, பேராயரின் உத்தரவா? முதன்மை குரு பேராயர் பெயரில்தான் செயல்படுவார். அதனால் பேராயருக்குத் தெரியாமல் நடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனா ஆணை போனது யான் மூலமாக.

1393 மார்ச் 20

ராஜா பிராக் வந்து சேர்ந்தார். சமாதானம் பேசலாம் என்று ஒரு சந்திப்பு ஏற்பாடானது. பேராயரும் அவருடைய அதிகாரிகளும் வந்தார்கள். பேச்சு தொடங்கியதுமே ராஜாவின் கோபம் கட்டுமீறியது. அதிகாரிகளைப் பிடிக்கச் சொன்னார். பேராயரைச் சுற்றி அவருடைய ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தார்கள். அவர் தப்பினார். மாட்டிக்கொண்டது கீழே வேலை பார்த்தவர்கள்: யான் நெபோமுக், சர்ச் நீதிமன்ற அதிகாரி மிக்குலாஷ் புக்னிக், இன்னும் சிலர். பேராலயத்தின் வயதான டீன் போஹுஸ்லாவை ராஜாவே வாளின் கைப்பிடியால் தலையில் அடித்து ரத்தம் வர வைத்தார்.

அன்று சித்திரவதைக் கூடத்தில் நடந்ததைப் பேராயர் பிறகு போப்புக்கு அனுப்பிய புகாரில் விவரித்திருக்கிறார். இந்த வழக்கில் சம்பவம் நடந்த அதே ஆண்டைச் சேர்ந்த மிக முக்கியமான ஆவணம் அதுதான். அதன்படி, ராஜா ஆள் வைத்து மட்டும் செய்யவில்லை. எரியும் தீப்பந்தத்தைத் தானே எடுத்து யானின் விலாவில் வைத்தார். தண்டனை கொடுப்பவன் வேலையை நாட்டின் மன்னர் தன் கையால் செய்தார் என்பதுதான் பேராயர் அழுத்திச் சொல்லும் குற்றச்சாட்டு.

மற்றவர்களை ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். எங்களைச் சிறை வைக்கவும் இல்லை, சித்திரவதை செய்யவும் இல்லை, இதைப் பற்றி வெளியே பேச மாட்டோம் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். புக்னிக் உயிரோடு வெளியே வந்து, சில ஆண்டுகள் கழித்து பிராக் பேராயர் பதவிக்கே தேர்வானார், பொறுப்பேற்கும் முன் இறந்தார்.

யானை விட முடியவில்லை. காரணம் எளிமையானது. காயங்கள் அவ்வளவு மோசம். வெளியே விட்டாலும் பிழைக்க மாட்டார், ஊர் பார்த்துவிடும். இரவானதும் அவரைத் தெரு வழியாக இழுத்துக்கொண்டு கல் பாலத்துக்குப் போனார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கால்களைத் தலையோடு சேர்த்து சக்கரம் போல வளைத்துக் கட்டியிருந்தார்கள். சத்தம் வராமல் இருக்க வாயில் ஒரு மரத்துண்டு. பாலத்தின் மேலிருந்து வல்டாவா ஆற்றில் வீசினார்கள். வீசும்போது உயிர் இருந்ததா, ஏற்கெனவே போய்விட்டதா என்பதில் வரலாற்றாய்வாளர்களிடம் ஒரே கருத்து இல்லை.

சில வாரங்கள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. ஆற்றங்கரையில் இருந்த திருச்சிலுவை மடத்தில் முதலில் புதைத்தார்கள். பிறகு புனித வீட்டுஸ் பேராலயத்துக்கு மாற்றினார்கள்.

இந்த ஆவணத்தில் ஒரு இடத்தில்கூட ராணி இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. ரகசியமும் இல்லை. கொலைக்குக் காரணமாக நிற்பது நிலமும் அதிகாரமும்தான்.

தப்பிய பேராயருக்கு என்ன ஆனது?

பேராயர் யென்ஷ்டெய்ன் பிராக்கை விட்டு ஓடி, ஒரு வழியாக ரோம் சேர்ந்தார். தன் அதிகாரி கொல்லப்பட்ட விவரத்தை, ராஜாவின் மற்ற அத்துமீறல்களோடு சேர்த்துப் பட்டியல் போட்டு போப் ஒன்பதாம் போனிஃபேஸிடம் நீட்டினார். அந்தப் புகாரிலேயே யானை மறைசாட்சி என்று குறிப்பிட்டார்.

போப் கைவிரித்துவிட்டார். ரெண்டு போப்புகள் இருந்த காலம் அல்லவா? வென்செஸ்லாஸைப் பகைத்துக்கொண்டால் அவர் அவிஞ்ஞோன் பக்கம் சாய்ந்துவிடலாம். ஒரு முதன்மை குருவின் சாவுக்காக ஒரு ராஜாவை இழக்க ரோம் தயாராக இல்லை. பேராயர் 1396-ல் பதவியைத் துறந்தார். 1400-ல் ரோமிலேயே இறந்தார். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

அப்படின்னா நாக்கு எங்கிருந்து வந்தது?

யான் இறந்து ஐம்பது ஆண்டுகள் தாண்டிய பிறகு, வியன்னாவில் தாமஸ் எபென்டார்ஃபர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு நூலில் புதிய தகவல் ஒன்றைச் சேர்த்தார். கொல்லப்பட்டவர் ராணிக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு என்றார். 1471-ல் செக் எழுத்தாளர் பாவெல் ஷீடெக் கதையை இன்னும் முழுசாகச் சொன்னார். ராஜாவுக்கு ராணி மேல் சந்தேகம். ராணி பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாள் என்று குருவிடம் கேட்டார். குரு சொல்ல மறுத்தார். அதனால் ஆற்றில் வீசினார்.

கத்தோலிக்க சமயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை குரு எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லக் கூடாது. 1215-ல் ரோமில் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதை மீறும் குருவைப் பதவியில் இருந்து நீக்கி, ஆயுள் முழுக்க மடத்தில் அடைக்கச் சொன்னது. உயிரே போனாலும் வாய் திறக்காத ஒரு குரு என்ற கதைக்கு அதனால் தனி ஈர்ப்பு. ஒரு மடத்தின் சொத்துத் தகராறை எத்தனை பேர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்? பொறாமை பிடித்த கணவன், அப்பாவி மனைவி, வாய் திறக்காத குரு என்பது மூன்றே வரியில் மனதில் நிற்கிறது.

1541-ல் குழப்பம் உச்சத்துக்குப் போனது. வாட்ஸ்லாவ் ஹாயெக் என்பவர் செக் மொழியில் எழுதிய வரலாற்று நூலில், ரெண்டு ஜான்கள் இருந்ததாகவே எழுதிவிட்டார். ஒருவர் ராணியின் குரு, 1383-ல் ஆற்றில் வீசப்பட்டார். இன்னொருவர் முதன்மை குரு, 1393-ல் வீசப்பட்டார். ஒரே பெயர், ஒரே ராஜா, ஒரே பாலம், ஒரே விதமான சாவு, நடுவில் சரியாகப் பத்து வருடம். சந்தேகப்பட வேண்டிய ஒற்றுமைதான். ஆனா ஹாயெக்கின் நூல் சுவையாக இருந்தது, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. அதில் இருந்த தவறுகளை அறிஞர்கள் முறையாகப் பிரித்துக் காட்ட இன்னும் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இதற்கிடையே கல்லறையைச் சுற்றி மக்கள் நம்பிக்கை வளர்ந்துகொண்டே இருந்தது. அந்தக் கல்லின் மேல் காலை வைப்பவன் அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முன்னால் அவமானப்படுவான் என்று சொன்னார்கள். தெரியாமல்கூட யாரும் மிதித்துவிடக் கூடாது என்று சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டார்கள்.

பாலத்தில் சிலை, தலையில் நட்சத்திரம்

1620-ல் பிராக்குக்கு வெளியே வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பு தோற்றது. போஹீமியாவை மறுபடியும் கத்தோலிக்க நாடாக்கும் வேலையை ஹாப்ஸ்பர்க் அரசர்களும் இயேசு சபையினரும் கையில் எடுத்தார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த, செக் மொழி பேசிய, கத்தோலிக்க குருவாகச் செத்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். இயேசு சபை அறிஞர் போஹுஸ்லாவ் பால்பின் நெபோமுக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது பாவசங்கீர்த்தனக் கதையை.

1683-ல் பிராக் கல் பாலத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். இன்று அதன் பெயர் சார்லஸ் பாலம், இன்றைக்கு அங்கே வரிசையாக நிற்கும் புனிதர் சிலைகளிலேயே மூத்தது இதுதான். மத்தியாஸ் ரௌக்மில்லர் மாதிரி செய்ய, யான் ப்ரோகாஃப் மரத்தில் செதுக்க, நியூரம்பெர்க்கில் வார்த்தார்கள். தாடி, அங்கி, ரோமப் போர்வை, கையில் அணைத்த சிலுவை, தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம். மெடலில் நீங்கள் பார்க்கும் உருவம் பெரும்பாலும் இந்தச் சிலையின் சுருக்கம்தான். அதன் பிறகு மத்திய ஐரோப்பாவில் கட்டப்பட்ட பாலங்களில் எல்லாம் இவரை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

நட்சத்திரம் ஏன் ஐந்து? உடல் மூழ்கிய இடத்தில் தண்ணீருக்கு மேல் ஐந்து ஒளிகள் தெரிந்ததாக ஐதீகம். லத்தீனில் நான் மௌனம் காத்தேன் என்பதற்கான டாகுயி என்ற சொல்லில் ஐந்து எழுத்து, அதனால்தான் ஐந்து என்றும் ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனா நட்சத்திரத்துக்குப் பிறகு பொருத்திச் சொன்ன விளக்கம் போலத்தான் தெரிகிறது. தலையைச் சுற்றி நட்சத்திரம் போட்டு வரைவது கத்தோலிக்க ஓவியத்தில் மாதாவுக்கு உள்ள மரியாதை, அது பன்னிரண்டு. இவருக்கு ஐந்து. மெடலை அடையாளம் காணும்போது எண்ணிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

1719: கல்லறை திறக்கப்பட்டது

புனிதர் பட்டத்துக்கான விசாரணையின் பகுதியாக 1719 ஏப்ரலில் கல்லறையைத் திறந்தார்கள். எலும்புக்கூடு. மண்டையோட்டை எடுத்தபோது, உள்ளே இருந்த மண்ணோடு சேர்ந்து சிவந்த நிறத்தில் ஒரு திசு விழுந்தது. முன்னூறு வருடத்துக்கு மேல் ஆன எலும்புகளுக்கு நடுவில் அழியாத சதை!

ரகசியத்தைக் காத்த குருவின் உடலில் அழியாமல் இருப்பது எதுவாக இருக்கும்? அங்கே நின்றவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நாக்கு என்று முடிவு செய்தார்கள். 1725-ல் மறுபடி ஒரு குழு ஆராய்ந்தது. அப்போது அந்தத் திசு எல்லார் கண் முன்னாலும் உப்பி, நிறம் மாறியதாகப் பதிவு செய்தார்கள்.

1721-ல் அருளாளர். 1729 மார்ச் 19-ல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் ரோமின் லாத்தரன் பேராலயத்தில் புனிதராக அறிவித்தார். அந்த அறிவிப்பில் பின்பற்றப்பட்ட இறந்த ஆண்டு 1383. ஹாயெக் எழுதிய அதே ஆண்டு. அதாவது கல்லறையில் கிடந்தது 1393-ல் கொல்லப்பட்ட முதன்மை குரு. பட்டம் வாங்கியது பத்து வருடம் முன்பு இறந்ததாகச் சொல்லப்பட்ட, ஹாயெக்கின் பக்கங்களில் மட்டுமே இருந்த இன்னொரு ஜான்.

அதன் பிறகு மெடல்கள் குவிந்தன. ஆஸ்திரியா, பவேரியா, போஹீமியா, போலந்து என்று எங்கும் யாத்திரிகர்கள் கழுத்தில் இவர். நாக்கு கிடைத்த புனிதர் என்பதால் அவதூறில் இருந்து காப்பவர் ஆனார். ஆற்றில் விழுந்ததால் வெள்ளத்தில் இருந்தும் காப்பவர். மத்திய ஐரோப்பாவின் பழைய கல்லறைத் தோட்டங்களைத் தோண்டும் தொல்லியலாளர்கள் இறந்தவர்களோடு புதைக்கப்பட்ட இவருடைய மெடல்களை இன்றும் எடுக்கிறார்கள். ஸ்பானியர்கள் வழியாகப் பெயர் மெக்சிகோ வரை போனது. புகழ்பெற்ற மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் முழுப்பெயரிலும் நெபோமுசேனோ இருக்கிறது.

பிராக் பேராலயத்தில் 1736-ல் அவருக்கு வெள்ளியில் கல்லறை எழுந்தது. ஏறத்தாழ 2 டன் வெள்ளி என்கிறார்கள். அதில் ஒரு குட்டி தேவதூதன் நாக்கைச் சுட்டிக் காட்டுகிறான்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

செக் மக்களுக்கு இன்னொரு யான் உண்டு. சர்ச்சின் ஊழலை எதிர்த்துப் பேசி, 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ். செக் தேசிய உணர்வு வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டில், ஹுஸ்ஸின் நினைவை அழிக்கவே இயேசு சபையினர் நெபோமுக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. பேசியதற்காக எரிக்கப்பட்டவருக்குப் பதிலாகப் பேசாமல் இருந்தவரை வைத்துவிட்டார்கள் என்று பலர் கேலி செய்தார்கள்.

முழுக்க நியாயமான குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. ஹுஸ் எரிக்கப்படுவதற்கு முன்பே நெபோமுக்கை மறைசாட்சி என்று பேராயர் எழுதியிருந்தார், கல்லறைக்கு மரியாதையும் இருந்தது. ஆனா 1620-க்குப் பிறகு அவரைத் தூக்கிப் பிடித்ததில் அரசியல் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1918-ல் ஹாப்ஸ்பர்க் ஆட்சி விழுந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது, கோபம் சிலைகள் மேல் திரும்பியது. பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் மாதா தூண் சாய்க்கப்பட்டது. பல ஊர்களில் நெபோமுக் சிலைகள் உடைந்தன. பாலத்துச் சிலை தப்பியது.

1973: நாக்கு இல்லை

செக் மானுடவியல் அறிஞர் இமானுவேல் வில்செக் தலைமையில் 1973-ல் எலும்புகளையும் அந்தத் திசுவையும் ஆராய்ந்தார்கள். முடிவு: அது நாக்கு அல்ல. மண்டையோட்டுக்குள் சுருங்கி உறைந்து போன மூளைத் திசு.

மெடலின் பின்பக்கத்தில் ரெண்டரை நூற்றாண்டு இருந்த அடையாளம் தப்பாகப் போனது. ஆனா அது எந்த ஜானின் உடல் என்பதில் மாற்றம் இல்லை. ராணியின் குரு என்று தனியாக ஒரு ஜான் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. 1393-ல் கொல்லப்பட்ட அதிகாரி மட்டும்தான் உண்மையான ஆள் என்பதைக் கத்தோலிக்க வரலாற்றாய்வாளர்களும் இன்று ஏற்கிறார்கள். புனிதர் பட்டம் அப்படியே இருக்கிறது. ராணி கதை இல்லாவிட்டாலும், அரசு அத்துமீறியபோது சர்ச்சின் உரிமைக்காக உயிரைக் கொடுத்தவர் என்ற பேராயரின் பழைய வாதம் நிற்கிறது என்பது அவர்கள் பதில்.

நேர்மையாகப் பார்த்தால் ஆவணத்தில் இருக்கும் ஆள்தான் மெடலில் இருப்பவரை விடப் பக்கத்தில் தெரிகிறார். மேலே இருப்பவர்கள் சண்டை போட, கையெழுத்துப் போட்ட அதிகாரி மாட்டிக்கொள்கிறார். தலைவர் தப்பிக்கிறார், கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுத்து வெளியே வருகிறார்கள். இதில் உண்மையாகவே மௌனம் காக்க வைக்கப்பட்டவர்கள் அந்த மற்றவர்கள்தான். யானின் வாயில் இருந்தது மரத்துண்டு.

மெடலை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். அவருடைய திருநாள் செக் நாட்டில் மே 16. அதற்கு முந்தைய நாள் மாலையில் வல்டாவா ஆற்றில் படகுகளில் இசைக் கச்சேரி நடக்கும். நாட்டின் கிழக்கே ஷ்டார் ஊரில், குன்றின் மேல் கட்டடக் கலைஞர் சான்டினி அவருக்குக் கட்டிய கோயில் யுனெஸ்கோ பட்டியலில் 1994 முதல் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஐந்து முனை நட்சத்திர வடிவம், ஜன்னல்களில் நாக்கு வடிவம். 1719-ல் கல்லறை திறந்த அதே வருடம் தொடங்கிய கட்டடம் அது.

சார்லஸ் பாலத்தில் அவரை வீசியதாகச் சொல்லப்படும் இடத்தில், கைப்பிடிச் சுவரில் ஒரு சிலுவையும் ஐந்து நட்சத்திரமும் பதித்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி வெண்கலச் சிலை. அதன் அடியில் ரெண்டு புடைப்புச் சிற்பங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிர்ஷ்டம் வரும் என்று தடவித் தடவி, அவரை ஆற்றில் தள்ளும் காட்சியில் ஒரு பகுதி மட்டும் தங்கம் போல மின்னுகிறது. பக்கத்தில் நிற்கும் வீரனின் நாயும் அதே பளபளப்பில் இருக்கிறது.